சூரிய மின் பற்றரியைக் கணக்கெடுத்துக் காத்தல்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் வீட்டுக் கூரையிற் சூரியத் தகடு அமைத்து, அதன் மின்சாரத்தைப் பற்றரியிற் சேமித்து, வீட்டு விளக்குக்கும் தோட்டக் கிணற்றுக்கும் பயன்படுத்தும் கமக்காரர் பலர் உளர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் தடைப்பட்டது. பேசாலை, தாழ்வுபாடு போன்ற மணற்றரைகளில் நட்ட இளங் கத்தரி, மிளகாய் நாற்றுக்கு இத்தகைய தடை பெருங்கேடாகும். மணல் நீரை நெடுநேரம் தாங்கி வைப்பதில்லை.

பற்றரி இல்லாது மின்சார சபையின் கம்பியுடன் மட்டும் இணைக்கப்பட்ட சூரியத் தகடு, மின்வெட்டு வேளையில் வெயில் இருப்பினும் நின்றுவிடும். கம்பியிற் பழுது பார்ப்போரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே தடைக்காலத்தில் உதவுவது பற்றரியே. இவ்வமைப்பில் விரைவிற் கெடும் உறுப்பும் அதுவே; மாற்றுவதற்குப் பெருஞ்செலவாகும். அது கெடும் குறிகளை முன்னரே அறிவதற்கு மென்பொருள் துணை செய்கிறது. ஆயினும் அது காட்டும் எண்களின் பொருளை அறிந்து வாசித்தல் வேண்டும்.

மென்பொருள் காட்டுவது யாது?

மின்னேற்றக் கட்டுப்படுத்தியும் இன்வேட்டரும் தாம் அளந்தவற்றைப் புளூடூத் அல்லது வைஃபை வழியாகக் கைத்தொலைபேசிச் செயலிக்கு அனுப்புகின்றன. தகட்டிலிருந்து வந்த மின், செலவான மின், பற்றரியின் வோல்ற்றளவு, எஞ்சிய இருப்பின் நூற்றுவீதம் என நான்கு எண்கள் அதில் முதன்மையானவை. முதல் மூன்றும் அளவுகள். நான்காவது அளவன்று, கணிப்பு.

களஞ்சியத்தில் இட்ட நெல்லையும் எடுத்த நெல்லையும் புசற் கணக்கில் எழுதி, மிச்சம் இவ்வளவு எனக் கூறுவதை இது ஒக்கும். எலி தின்றது அக்கணக்கில் ஏறாது. அவ்வாறே பற்றரி மூப்படைந்து அதன் கொள்ளளவு குறைந்தாலும், மென்பொருள் பழைய கொள்ளளவையே வைத்துக் கணக்கிடக்கூடும். திரையில் 30 வீதம் எனத் தோன்றும்போதே பற்றரி வெறுமையாகி விளக்கு அணைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

இருவகைப் பற்றரி

ஈயவமிலப் பற்றரியின் இருப்பை வோல்ற்றளவு கொண்டு ஓரளவு அறியலாம். மின்னேற்றமும் செலவும் நின்று சில மணித்தியாலம் ஓய்ந்த 12 வோல்ற்றுப் பற்றரியில்,

12.7 வோல்ற்று: நிறைவு
12.2 வோல்ற்று: ஏறக்குறையப் பாதி
11.9 வோல்ற்றும் அதன் கீழும்: பெரிதும் தீர்ந்த நிலை

எனக் கொள்ளலாம். இவ்வகைப் பற்றரியை நாள்தோறும் பாதிக்குக் கீழே இறங்க விடலாகாது. விட்டால் தகடுகளிற் படியும் உப்பு இறுகி, அதன் ஆயுள் குறுகும்.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியின் இயல்பு வேறு. அதன் இருப்பு நிறைவிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறையும் வரை வோல்ற்றளவு சிறிதளவே மாறும். அதன் பின் விரைந்து வீழும். 16 கலங்கள் கொண்ட 51.2 வோல்ற்றுப் பற்றரி 48 வோல்ற்றுக்கு இறங்கின் அது ஏறக்குறைய வெறுமையாயிற்று என அறிக. ஆகவே இவ்வகையில் வோல்ற்றளவை மட்டும் நம்புவதும் தவறு. நூற்றுவீதத்தை மட்டும் நம்புவதும் தவறு. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

காலைக் குறிப்பு

செயலியை நாள் முழுதும் பார்த்திருத்தல் வேண்டியதில்லை. சூரியன் எழுமுன் ஒருமுறை பார்த்து, ஒரு குறிப்புப் புத்தகத்தில் பின்வருவனவற்றை எழுதினாற் போதும்.

1. பற்றரியின் வோல்ற்றளவும் நூற்றுவீதமும்.
2. முதல் நாள் தகடு தந்த மின் அலகு.
3. முதல் நாள் செலவான மின் அலகும் கிணற்று மோட்டர் ஓடிய நேரமும்.

ஒரு நாளின் எண் சிறிதே உணர்த்தும். ஒரு மாதத்தின் எண்களை வரிசையாக நோக்கினால் மாறுதல் புலப்படும்.

குறிப்பை வாசிக்கும் முறை

தெளிந்த வெயில் நாட்களிலும் தகடு தரும் அலகு படிப்படியாகக் குறைந்து வருமாயின், தகட்டில் அழுக்குப் படிந்துள்ளதோ என முதலிற் பார்த்தல் வேண்டும். மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேல் காற்று மணலையும் கடலுப்பையும் கொணர்கிறது. அக்காலத்தில் அதனைக் கழுவ மழையும் அரிது. தகடு சூடேறுமுன் காலையில் நன்னீரால் மென்துணி கொண்டு கழுவுதல் நன்று. உவர்நீரால் கழுவினால் காய்ந்தபின் உப்பே மிஞ்சும். தரையில் நின்று கழுவ இயலாத கூரையாயின் பாதுகாப்புடன் ஏறுதல் வேண்டும்.

நவம்பர், திசெம்பர் மாதங்களில் அலகு குறைவது பழுதன்று. மாரி முகிலே காரணம். நானாட்டான், முருங்கன் பகுதிகளிற் காலபோக நெற்செய்கையில் ஈடுபட்டோர் அக்காலத்தில் வீட்டுச் செலவைக் குறைத்து, பற்றரியை வாரத்தில் ஒரு முறையேனும் முற்றாக நிரம்ப விடுதல் வேண்டும். முற்றாக நிரம்பும்போதுதான் மென்பொருள் தன் கணக்கை 100 வீதத்திற்குத் திருத்திக்கொள்கிறது.

நூற்றுவீதம் உயர்ந்திருக்க வோல்ற்றளவு வீழ்ந்திருப்பின், முதலிற் பற்றரியை முற்றாக நிரப்பிப் பார்த்தல் வேண்டும். பின்னும் அவ்வாறே நிகழுமாயின் கொள்ளளவைச் சோதித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 51.2 வோல்ற்று, 100 அம்பியர்மணிப் பற்றரியின் கொள்ளளவு 5.12 அலகாகும். அதனை நிரப்பி, பொழுது சாய்ந்தபின் வழமையான பாரத்தை இட்டு, பற்றரியின் காப்பு அமைப்பு நிறுத்தும் வரை வெளியேறிய அலகைக் குறித்தல் வேண்டும். 3.6 அலகே வெளியேறின், எஞ்சிய கொள்ளளவு 70 வீதமாகும். மென்பொருளில் 100 என இட்டிருந்த கொள்ளளவை 70 எனத் திருத்தினால் நூற்றுவீதம் மீண்டும் நம்பத்தக்கதாகும். சோதனை முடிந்த மறுநாளே பற்றரியை நிரப்புதல் வேண்டும். ஈயவமிலப் பற்றரிக்கு இச்சோதனை செய்யலாகாது. அதனை அதுவே கெடுத்துவிடும்.

கிணறும் ஒரு சேமிப்பே

ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறக்குறைய ஓர் அலகு மின் கொள்ளும். இரவில் ஐந்து மணித்தியாலம் இறைத்தால் மேற்கூறிய பற்றரி முழுவதும் தீரும். ஆதலின் காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், வெயிலின் மின்னைக் கொண்டே இறைத்து, பற்றரியை இரவு விளக்குக்கும் தடை நாட்களுக்கும் ஒதுக்குதல் வேண்டும்.

ஆயினும் வெயில் உள்ளவரை இறைக்கலாம் என எண்ணலாகாது. தீவின் மணலில் மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேல் மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும் கீழிருந்து உவர்நீர் மேலெழும். மண்ணெண்ணெய் இயந்திரத்தில் எண்ணெய்ச் செலவு இறைப்பைத் தானே கட்டுப்படுத்தியது. சூரிய மின்னுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. குறிப்புப் புத்தகமே கட்டுப்பாடாதல் வேண்டும். மோட்டர் ஓடிய நேரத்துடன் மாதம் ஒருமுறை நீரின் உவர்ப்பை மானியால் அளந்து எழுதுக. உவர்ப்பு ஏறின் இறைக்கும் நேரத்தைக் குறைத்துக் கிணற்றை ஊறவிடுக. வெங்காயமும் போஞ்சியும் மிளகாயும் உவர்நீரைப் பொறா.

இணையம் அற்ற வேளை

சில செயலிகள் எண்களைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பி, அங்கிருந்தே திரும்பப் பெறுகின்றன. புயலில் தொலைபேசிக் கோபுரம் நின்றால் அவை எதனையும் காட்டா. ஆகவே புளூடூத் வழியாக நேரே வாசிக்கக்கூடிய கருவியை வாங்குதல் நன்று. கணினிப் பழக்கம் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருப்பின், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில், 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, எண்களை வீட்டிலேயே சேமிக்கலாம். கருவி அம்மென்பொருளோடு இணையுமா என வாங்குமுன் கேட்டறிக.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நூற்றுவீதம் கணிப்பு, வோல்ற்றளவோடு ஒப்பிட்டே அதனை நம்புக.
2. பற்றரியை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க. ஈயவமிலப் பற்றரியின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.
3. ஈயவமிலப் பற்றரி மின்னேறும்போது எரியும் வாயு வெளிப்படும். அருகில் தீ ஆகாது.
4. கடற்காற்றால் முனைகளிற் களிம்பு பிடிக்கும். மாதம் ஒருமுறை நோக்குக. அதனைத் துடைக்குமுன் மின்னைத் துண்டித்தல் வேண்டும்.
5. இலிதியப் பற்றரியின் ஒரு கலம் ஓய்வு நிலையில் மற்றவற்றினின்று 0.1 வோல்ற்றுக்கு மேல் விலகி நின்றால் தொழில்நுட்பவியலாளரை அழைக்க, தாமே திறக்கலாகாது.
6. பற்றரியாயினும் கிணறாயினும் நிரம்புவதற்கு மேலாக எடுத்தால் கெடும்.

நீரிறைப்பு, உவர்ப்புச் சோதனை பற்றிய மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். செல்லும்போது குறிப்புப் புத்தகத்தையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று.