தராசின் நேர்மை

(உரைநடைப் பாடம்)

பாடத்திற்குள் நுழையுமுன்

பொருள் ஈட்டுதல் இல்வாழ்க்கைக்கு இன்றியமையாதது. அதனை எவ்வழியில் ஈட்டுவது என்பதே அறநூல்கள் எழுப்பும் வினா. இவ்வினாவுக்கு இசுலாம் தரும் விடையை இப்பாடம் எடுத்துரைக்கின்றது.

கோந்த்வாவின் கடைத்தெரு

புனே நகரின் தென்பகுதியில் அமைந்தது கோந்த்வா. குர்த், புத்ருக் என்னும் இரு சிற்றூர்கள் வளர்ந்து நகரோடு இணைந்த பகுதி இது. இங்கே இசுலாமியர் பெருமளவில் வாழ்கின்றனர். கடைத்தெருவில் மராத்தியும் உருதுவும் இந்தியும் கலந்து ஒலிக்கும். நம் வீட்டார் தமிழில் கணக்குப் பார்த்து, இந்தியில் விலை கேட்பர். மொழி எதுவாயினும், வாங்குபவரும் விற்பவரும் ஒருங்கே நோக்குவது தராசு காட்டும் எண்ணைத்தான். அவ்வெண் பொய்த்தால் என்னாகும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வணிகர் ஒரு கிலோ என்று கூறி 950 கிராம் பருப்பைத் தருகிறார். வாங்கியவர் 50 கிராம் குறைவை உணரமாட்டார். நாளொன்றுக்கு 200 பேருக்கு இவ்வாறு விற்றால், 10 கிலோ பருப்பு விலையின்றி வணிகரிடமே தங்கிவிடும். அஃது இருநூறு குடும்பங்களின் உழைப்பிலிருந்து எடுத்ததாகும்.

இத்தகைய செயலைக் கடிந்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து பெற்று, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்பவர்க்குக் கேடுண்டு என்பது அதன் கருத்து.

மறைக்கப்பட்ட ஈரம்

நபிகள் நாயகம் இளமையில் வணிகராய் வாழ்ந்தவர். கதீஜா நாயகியின் சரக்குகளைச் சிரியா நாட்டுக்குக் கொண்டு சென்று விற்று வந்தார். அவருடைய நேர்மை கண்டு மக்கள் அவரை 'அல் அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர், என அழைத்தனர்.

ஒருமுறை அவர் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாய் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் வினவினார். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் உரைத்தார். மழையில் நனைந்தது வணிகரின் குற்றமன்று. அதை மறைத்ததே குற்றம். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதற்குத் தடையேதும் இல்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும், தர இயலாத வறியவர்க்குத் தவணை நீட்டிக்க வேண்டும், வட்டி வாங்கலாகாது, விலையேற்றம் கருதி உணவுப்பொருளைப் பதுக்கலாகாது என்பனவும் இசுலாம் வகுத்த வணிக நெறிகளாகும்.

விற்ற பணம் முழுவதும்

ஈராக்கில் உள்ள கூஃபா நகரில் வாழ்ந்தவர் இமாம் அபூ ஹனீஃபா (699–767). இவர் பெரும் சட்ட அறிஞர். துணி வணிகரும் ஆவார். பழுதுள்ள ஓர் ஆடையைத் தம் கூட்டாளியிடம் அனுப்பி, பழுதைச் சொல்லி விற்குமாறு கூறினார். கூட்டாளி அதை மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. பணத்தைத் திருப்பித் தர வழியில்லாத நிலையில், விற்ற தொகை முழுவதையும் இமாம் அறம் செய்துவிட்டார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. இலாபத்தைவிட நம்பிக்கையையே அவர் முதலாகக் கொண்டார்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில்

தமிழ்நாட்டிலும் இந்நெறி போற்றிய வணிகர் வாழ்ந்தனர். கீழக்கரையில் பிறந்த சீதக்காதி வள்ளல், கப்பல் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் நெல்லும் வைத்துச் சமமாய் விற்ற கொடிய பஞ்சத்திலும், அவர் தளராமல் அன்னதானம் செய்ததைப் படிக்காசுப் புலவர் பாடியுள்ளார். நெல்லைப் பதுக்கினால் பொன் குவியும் காலத்தில், அவர் சோறு வழங்கினார்.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் வாக்கின் கருத்து. காவிரிப்பூம்பட்டின வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. நெறிகள் பிறந்த இடங்கள் வேறு, தராசு ஒன்றே.

இன்று, 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி, கடைத் தராசுகளை அரசு அலுவலர் சோதித்து முத்திரையிடுகின்றனர். முத்திரை தராசைச் சரிபார்க்கும். ஆயினும் குவியலுக்குள் மறைந்த ஈரத்தை விற்பவரின் மனச்சான்றே வெளிப்படுத்த வேண்டும்.

சொல்லும் பொருளும்

கடிந்து – கண்டித்து
பழுது – குறை
மிகை – அளவுக்கு மேற்பட்டது
பேணுதல் – காத்தல்
மனச்சான்று – நன்மை தீமை உணர்த்தும் உள்ளம்

பயிற்சி

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. 'அல் அமீன்' என்பதன் பொருள் ________.
2. சீறாப்புராணத்தைப் பாடியவர் ________.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தானிய வணிகர் செய்த குற்றம் யாது?
2. பஞ்சக் காலத்தில் சீதக்காதியின் செயல் ஏன் சிறப்புடையது?

இ) சிந்தித்து எழுதுக.
அபூ ஹனீஃபா, பழுதுக்குரிய தொகையை மட்டும் அறம் செய்திருக்கலாம். முழுத் தொகையையும் ஏன் அளித்தார்?

ஈ) செயல்பாடு
பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது, தராசில் அரசு முத்திரை உள்ளதா என்று காண்க. கண்டதை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படிக்க.