காட்டு ஆர்க்கிட்டுகளின் மகரந்தச் சேர்க்கையும் பாதுகாப்பும்

மரக்கிளைகளில் பற்றி வாழும் ஆர்க்கிட் செடிகளைப் பலர் புல்லுருவி என்றே கருதுகின்றனர். இது பிழை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. ஆர்க்கிட்டோ மரத்தில் இடம் மட்டும் பெறும் தொற்றுச்செடி. தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளும் உள. இந்தியாவில் 1,256 வகைகள் உள்ளன என்றும், அவற்றுள் 388 இனங்கள் பிற நாடுகளில் காணப்படுவதில்லை என்றும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் கணக்கிட்டது.

பாகுபாடு

ஆர்க்கிட் மலரின் இதழ்களுள் ஒன்று உதடுபோல் மாறியிருக்கும். கேசரமும் சூல்தண்டும் இணைந்து ஒரே தூணாகும். மகரந்தம் பொடியாக உதிராமல் சிறு திரள்களாக அமையும். இவ்வுறுப்புக்களைக் கொண்டே பேரினங்கள் வகுக்கப்படுகின்றன. பாலக்காட்டு மாவட்டத்துச் சைலண்ட் வேலியில் காணப்படும் மஞ்சள் மலருடைய அரிய தரை ஆர்க்கிட்டை ரைக்கன்பாக் என்னும் அறிஞர் பேக்கிஸ்டோமா பேரினத்தில் சேர்த்தார். ஹூக்கர் 1890-இல் அதனை இப்சியா மலபாரிகா என மாற்றினார். எனவே, பழைய ஏடுகளில் ஒரே செடி இரு பெயர்களில் காணப்படலாம்.

மகரந்தச் சேர்க்கை

தேன் நாடி வரும் பூச்சியின் உடலில் மகரந்தத் திரள் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மலரின் சூல்முடியில் அது பதிகிறது. ஒருமுறை பதிந்தால் ஆயிரக்கணக்கான விதைகள் உண்டாகும். பதியாவிடில் ஒன்றும் இல்லை. இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் பயிராகும் வனிலா இதற்கு நல்ல சான்று. அதுவும் ஓர் ஆர்க்கிட்டே, மெக்சிகோவிலிருந்து வந்தது. அதற்குரிய தேனீ இங்கு இல்லாமையால், மலர் விரிந்த காலையிலேயே கையால் மகரந்தம் சேர்க்கின்றனர். இம்முறையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன்.

பாதுகாப்பு

தோட்டத்து வனிலாவுக்கு மனிதன் கை உண்டு; காட்டு ஆர்க்கிட்டுக்கு இல்லை. அதன் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பூசணம் உதவினாலன்றி முளைக்காது. ஆகவே பூச்சி, பூசணம், தாங்கும் மரம், புல்வெளி ஆகிய அனைத்தையும் காப்பதே ஆர்க்கிட்டைக் காப்பதாகும். செடி உயிரோடிருந்தும் காய் பிடிக்கவில்லையெனில், அவ்வினம் அங்கு நலிகின்றது எனக் கொள்ளலாம்.

களப்பணியாளர் மலர்க்காலத்தோடு நின்றுவிடாமல், பின்னர் எத்தனை மலர்கள் காயாயின என்பதையும் குறித்தல் வேண்டும். அரிய செடியின் இடத்தை அலுவலகக் குறிப்பில் மட்டும் எழுதுக. வெளியே அறிவித்தால் செடி திருடுவோர்க்கே உதவும். ஆசிரியர்கள் காட்டுச் செடியைப் பறித்துக் காட்டாமல், வனிலா மலரைக் கொண்டு இப்பாடத்தை நடத்தலாம்.