கடலடியில் ஓர் எதிரொலி
இரண்டாமாண்டு, பி.எஸ்.சி. (இயற்பியல்)

கிணற்றில் கல்லைப் போட்டு, அது நீரில் விழும் ஓசை மேலே வந்து சேரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் காணும் கணக்கை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். கண்ணுக்கு எட்டாத ஒன்றைக் காதால் அளக்கலாம் என்பதே அக்கணக்கின் கருத்து. ஆழ்கடலின் அடியில், மண்ணுக்குள் உறைந்து கிடக்கும் எரிவாயுவை அறிவியலார் தேடுவதும் இதே கருத்தைக் கொண்டுதான். இதைப் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்கில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பேசி முடித்ததும் விரிவுரையாளர் ஒருவர் ஒரு வினாக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் பொருளைப் பார்ப்போம். மிகுந்த அழுத்தமும் தாழ்ந்த வெப்பநிலையும் சேர்ந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கூண்டுகளாக அமைகின்றன. அக்கூண்டுகளுக்குள் மீத்தேன் மூலக்கூறுகள் அடைபட்டுவிடுகின்றன. இவ்வாறு உண்டாகும் திண்மப் பொருளே மீத்தேன் ஹைட்ரேட். பார்வைக்குப் பனிக்கட்டி போல இருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 164 கன மீட்டர் மீத்தேனும் 0.8 கன மீட்டர் நீரும் கிடைக்கும்.

இவ்வகைப் பொருள்கள் அறிவியலுக்குப் புதியவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹம்ப்ரி டேவி குளோரின் ஹைட்ரேட்டைக் கண்டார். எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்பதை 1934இல் அமெரிக்கரான ஹாமர்ஷ்மிட் எடுத்துக்காட்டினார். இயற்கையில், கடலுக்கடியிலும் துருவப் பகுதிகளின் உறைநிலத்திலும் இது இருப்பது அதற்குப் பின்னரே தெரிய வந்தது.

ஆழ்கடலின் அடியில் அழுத்தம் மிகுதி, நீரும் குளிர்ந்திருக்கும். ஆனால் கடலடி மண்ணுக்குள் இறங்க இறங்க, புவியின் உள்வெப்பத்தால் வெப்பநிலை உயர்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே ஹைட்ரேட் நிலைத்திருக்க முடியாது. அங்கே மீத்தேன், வாயுவாகவே மண் துகள்களின் இடைவெளிகளில் தங்குகிறது. மேலே திண்மம், கீழே வாயு என்று அமையும் இந்த எல்லையைத்தான் ஒலி காட்டிக்கொடுக்கிறது.

ஆய்வுக் கப்பல், அழுத்தப்பட்ட காற்றை நீரில் திடீரென வெளிவிடும் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு ஒலியலைகளை எழுப்புகிறது. கப்பலின் பின்னே நீண்ட வடத்தில் இழுத்துச் செல்லப்படும் ஹைட்ரோபோன்கள் எதிரொலிகளைப் பதிவு செய்கின்றன. இதுவே கடலில் நில அதிர்வு முறை எனப்படுவது. ஓர் ஊடகத்தின் அடர்த்தியையும் அதில் ஒலியின் திசைவேகத்தையும் பெருக்கி வரும் எண் எங்கே மாறுகிறதோ, அங்கே அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. கடல் நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். நீர் நிறைந்த இளகிய மண்ணில் இது சற்றுக் கூடுதல். தூய மீத்தேன் ஹைட்ரேட்டில் 3,500 மீட்டருக்கும் மேல். ஆனால் மண்ணின் இடைவெளிகளில் சிறிதளவு வாயுக் குமிழ்கள் இருந்தாலே வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டாகிறது. நீரிலிருந்து மண்ணில் மோதும்போது நெருக்கம் நெருக்கமாகவே திரும்புகிறது. ஹைட்ரேட் மண்டலத்திலிருந்து வாயு மண்டலத்தில் மோதும்போது நெருக்கம் நெகிழ்வாகத் திரும்புகிறது. அதாவது அலை தலைகீழாகிறது. பதிவுப் படத்தில் இது அழுத்தமான ஒரு கோடாகத் தெரியும். ஹைட்ரேட்டின் எல்லையை முடிவு செய்வது வெப்பமும் அழுத்தமுமே ஆதலால், இக்கோடு மண் அடுக்குகளைப் பின்பற்றாமல், அவற்றை வெட்டிக்கொண்டு, கடலடியின் மேடு பள்ளங்களை ஒட்டியே செல்லும். கடலடியைப் போலவே நடிக்கும் எதிரொலிப்பான் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சுருக்கி இதனை பி.எஸ்.ஆர். என்பர்.

இதற்குப் பெயர் பெற்ற இடம், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் உள்ள பிளேக் ரிட்ஜ். அங்கு ஆழம் ஏறத்தாழ 2,800 மீட்டர். ஒலி கடலடிக்குச் சென்று திரும்ப 3.7 வினாடி ஆகும். அதற்கு 0.53 வினாடி கழித்து பி.எஸ்.ஆர். எதிரொலி வருவதாகவும், மண்ணில் ஒலியின் வேகம் 1,700 மீட்டர் எனவும் கொள்வோம். 1,700ஐ 0.53ஆல் பெருக்கி, போகவர இரு வழி ஆதலால் இரண்டால் வகுத்தால், கடலடிக்குக் கீழே சுமார் 450 மீட்டர் என்று கிடைக்கும். நம் கிணற்றுக் கணக்கேதான்!

நான் கருத்தரங்கில் இவ்வளவுதான் பேசினேன். பி.எஸ்.ஆர். தெரிந்தால் ஹைட்ரேட் உண்டு என்று முடித்தேன். அப்போது அந்த விரிவுரையாளர், "கோடு தெரியாத இடத்தில் ஹைட்ரேட் இல்லை என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

இவ்வினாவைக் கடலே கேட்டு, கடலே விடை சொல்லியிருக்கிறது. 1995ஆம் ஆண்டு இறுதியில் பன்னாட்டுக் கடல் துளைப்புத் திட்டத்தினர் பிளேக் ரிட்ஜில் 994, 995, 997 என்று எண்ணிட்ட இடங்களில் துளையிட்டனர். பின்னைய இரண்டிலும் பி.எஸ்.ஆர். தெளிவாக இருந்தது. 994ஆம் இடத்தில் அது இல்லை. ஆயினும் அங்கும் ஹைட்ரேட் இருந்தது! காரணம் எளிது. மண்ணில் பரவலாக, சிறு அளவில் கலந்திருக்கும் ஹைட்ரேட் ஒலியின் வேகத்தைச் சற்றே கூட்டுகிறது. அடியில் உள்ள வாயுவோ வேகத்தைச் சட்டென்று குறைக்கிறது. கோட்டைப் பெரிதும் வரைவது ஹைட்ரேட் அன்று; அதன் கீழுள்ள வாயுவே. வாயு போதிய அளவில் இல்லையெனில் கோடும் இல்லை. கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைக் கொண்டு ஹைட்ரேட்டின் அளவைச் சொல்வதும் பிழையாகும்.

அப்படியானால் அளவை எவ்வாறு அறிவது? துளைக்குள் ஒலிவாங்கியை இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் ஒலியின் வேகத்தை நேராக அளக்கின்றனர். எடுத்த மண்ணிலிருந்து நீரைப் பிழிந்து அதன் உப்பளவையும் பார்க்கின்றனர். ஹைட்ரேட் உண்டாகும்போது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே மேலே கொண்டுவரும்போது அது உருகினால், அந்த மண்ணின் நீர் உப்புக் குறைந்து காணப்படும். ஒலி சொன்னதை உப்பு சரிபார்க்கிறது.

நம் நாட்டுக் கடலிலும் இப்படிப்பினை உண்டு. 2006இல் இந்திய தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதற்பயணத்தில், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் காணப்பட்டது. ஆனால் அது மண் முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. களிமண்ணின் வெடிப்புகளில் செருகி நின்றது. சீராகப் பரவியதாகக் கொண்டு ஒலியின் வேகத்திலிருந்து கணக்கிட்டால் மிகையான அளவு வந்தது. கடலடி அழுத்தம் குறையாமல் எடுத்த மண் மாதிரிகள் அதைவிடக் குறைவாகவே காட்டின. வெடிப்புகளின் திசையையும் கணக்கில் சேர்த்த பின்னரே இரண்டும் நெருங்கி வந்தன.

வாயுக் கசிவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெடிப்புகள் வழியே மீத்தேன் மேலேறிக் கடலடியில் குமிழிட்டால், கப்பலின் எதிரொலிமானியில் அது தீச்சுடர் போல எழுந்து தெரியும். வாயு ஏறிவரும் பாதையில் மண் அடுக்குகளின் எதிரொலி மங்கிப் புகைக்கூண்டு போலக் காணும். ஆயினும் கசிவுகள் விட்டு விட்டு வருபவை. கப்பல் கடந்த வேளையில் சுடர் இல்லை என்பதால் கசிவே இல்லை என்றாகிவிடாது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. மீத்தேன் ஓர் எரிபொருள். கரியமில வாயுவைவிட வலிமையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுவும் கூட. எவ்வளவு இருக்கிறது என்பதில் தவறினால், நாளைய எரிபொருள் திட்டமும் தவறும். கடலிலிருந்து வெளிவரும் மீத்தேனின் கணக்கும் தவறும். கோடு இல்லை என்று நம்பித் துளையிடுவோருக்கு ஆபத்தும் நேரலாம்.

கிணற்றுக் கணக்கில் கல் விழும் ஓசை நிச்சயம் வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஓசை வராவிட்டால் என்ன செய்வது என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்த விரிவுரையாளருக்கு என் நன்றி. ஐயா, அன்று சொல்லாத விடையை இங்கே சொல்லியிருக்கிறேன்: சொல்லிவிட முடியாது.