பவளத்திற்கு ஏற்ற ஒளி

வீட்டில் மீன் வளர்க்கும் மாணவர்கள் சிலர், ‘கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்க எந்த விளக்கை வாங்க வேண்டும்?’ என்று கேட்பதுண்டு. ‘நல்ல வெளிச்சம் தரும் விளக்கு’ என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடையை நம்பி வாங்கியவர் தொட்டியில் பவளம் சில வாரங்களில் வெளிறிவிடலாம். ஒளியே பவளத்தின் உணவு என்பதை அறிந்தால் காரணம் விளங்கும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். புனேயில் உங்கள் மராத்தி நண்பர்கள் ‘போவளே’ என்பதையே நாம் பவளம் என்கிறோம். பவழம் என்றும் எழுதுவர். ‘துகிர்’ என்பது இதன் பழந்தமிழ்ப் பெயர். ஈழத்தமிழர் பவளப்பாறையை ‘முருகைக்கல்’ என்பர். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில், ஒளி குன்றிய இடங்களில் வளர்வது. அதற்கு ஒளி உணவன்று. இப்பாடம் கூறுவது வெப்பக்கடல்களில் பாறை கட்டும் பவளங்களைப் பற்றியது.

பவளம் கல் போலத் தோன்றினும் அது விலங்கே. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல கூடித் தமக்குச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடல் திசுவினுள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்கி, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளம் பாசிக்கு இடமும் உரமும் தருகிறது. ஆகவே, பவளத்திற்கு விளக்குத் தேடுவோர் உண்மையில் அப்பாசிக்கே விளக்குத் தேடுகின்றனர்.

இனி ஒளியின் நிறம். கதிரவன் ஒளியில் எல்லா நிறங்களும் உள்ளன. கடல்நீர் அவற்றுள் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. ஏறத்தாழப் பத்து மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். தெளிந்த நீரில் நெடுந்தொலைவு இறங்கிச் செல்வது நீலம். பவளத்தின் பாசியும் நீல ஒளியை நன்கு பயன்படுத்துவது. எனவேதான் பவளத் தொட்டிக்குரிய எல்.இ.டி. விளக்குகளில் நீலமும் வெண்மையும் கலந்திருக்கும். வீட்டுக் குழல்விளக்கின் நிறவெப்பம் சுமார் 6,500 கெல்வின். பவளத் தொட்டி விளக்குகள் பெரும்பாலும் 14,000 முதல் 20,000 கெல்வின் வரை அமைந்தவை. எண் கூடக்கூட ஒளி நீலமாகும். நீல ஒளி பட்டதும் சில பவளங்கள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விடும். அச்சுடர் அவற்றின் உடலிலுள்ள புரதங்களால் தோன்றுவது. அதனைக் கண்டு பவளம் நலமாக உள்ளது என்று முடிவு செய்தல் பொருந்தாது.

அடுத்தது ஒளியின் அளவு. விளக்குப் பெட்டியின் மேல் எழுதப்பட்ட ‘லூமென்’ மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறிப்பது. நம் கண் பச்சையை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால், பாசியின் தேவையை அவ்வெண் காட்டாது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என அளப்பர். வெப்பமண்டலத்தில் தெளிந்த நண்பகல் வெயில் சுமார் 2,000 மைக்ரோமோல். தொட்டியில் வளரும் மென்பவளங்களுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரை போதும். கிளைத்து வளரும் அக்ரோபோரா போன்றவற்றிற்கு 200 முதல் 350 வரை வேண்டும். ஒரே தொட்டியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைப்பது இதனாலேயே.

அளவு தவறினால் பவளமே காட்டிக்கொடுக்கும். ஒளி குறைந்தால் பாசி பெருகிப் பழுப்பேறும். ஒளி மிகுந்தால் பாசியை இழந்து வெளிறும். புதிய விளக்கைப் பாதி ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல உயர்த்துவதே முறை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதுமானது. இரவில் இருள் கட்டாயம் வேண்டும். தொட்டியைச் சன்னலோரம் வைத்து வெயில் காட்டலாமே எனத் தோன்றலாம். சிறு தொட்டியின் நீர் விரைவில் சூடேறும். கண்ணாடியெங்கும் வேண்டாத பாசி படரும்.

சூடு என்பதே இங்கு முதன்மையான செய்தி. நீர் அளவுக்கு மீறி வெப்பமடையும்போது, பாசி தான் பெற்ற ஒளியை முறையாகக் கையாள இயலாமல் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிசன் வகைகளை உண்டாக்குகிறது. அந்நிலையில் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். அதாவது, நேற்று வரை உணவாயிருந்த ஒளி, சூடு சேர்ந்ததும் தீங்காகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. நடுக்கடலில் நிகழ்ந்ததே சிறு தொட்டியில் ஒரே பிற்பகலில் நிகழக்கூடும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நீரைச் சூடாக்கியதால் குளிர்விப்பான் வைக்க வேண்டியிருந்தது, எல்.இ.டி. அத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது.

நம் மகாராட்டிரக் கடலிலும் பவளம் உண்டு. மால்வணில், சிந்துதுர்க் கோட்டையைச் சூழ்ந்த கடலில் அவற்றைக் காணலாம். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் அந்நீர் கலங்கி ஒளி குன்றும். குறைந்த ஒளியையும் மண்படிவையும் தாங்கும் உருண்டை வடிவப் பவளங்களே அங்கு நிலைத்துள்ளன. ‘பவளத்திற்கு எவ்வளவு ஒளி?’ என்பதற்கு ஒரே விடை இல்லை. எந்தப் பவளம், எந்த நீரில் என்று கேட்டாக வேண்டும்.

விளக்கு வாங்கும் முன் அறிய வேண்டியது ஒன்று உள்ளது. முன்னர்த் தூத்துக்குடிப் பகுதியில் பவளக்கற்களைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் வெட்டி எடுத்தனர். 2001ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய அதே அட்டவணை அது! கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். 2020இல் மும்பைக் கடற்கரைச் சாலைக்காகச் சிறு பவளக் கூட்டங்களை வேறிடம் மாற்றவும் வனத்துறையின் இசைவு தேவைப்பட்டது. ஆகவே கடையில் உயிர்ப்பவளம் கண்டால், ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று விலைக்கு முன் கேளுங்கள்.

ஒளியைப் பயின்று பார்க்க விரும்புவோர் நன்னீர்த் தொட்டியில் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற செடிகளை வளர்க்கலாம். ஆழம் குறைந்த நீர் ஆதலால் சிவப்பும் செடியை எட்டும். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கே போதும். விலையும் குறைவு.

பொருள் அறிக

துகிர் – பவளம்
வண்டல் – ஆற்றுநீர் கொணரும் மென்மண்
இசைவு – ஒப்புதல்
வெளிறுதல் – நிறம் மங்குதல்

பயிற்சி

1. பவளத் தொட்டி விளக்கில் நீலம் மிகுந்திருப்பது ஏன்?
2. லூமென் எண்ணை மட்டும் நம்பி விளக்கு வாங்கலாமா? காரணம் கூறுக.
3. தொட்டியில் ஒரு பவளம் பழுப்பேறியது, மற்றொன்று வெளிறியது. ஒவ்வொன்றிற்கும் என்ன செய்வீர்கள்?
4. உங்கள் வீட்டு விளக்குப் பெட்டிகள் இரண்டில் அச்சிட்டுள்ள கெல்வின் எண்ணைக் குறித்து, எவ்வொளி நீலம் மிகுந்தது என எழுதுக.