கிளவுட் வால்யூம்: கூட்டலாம், குறைக்க முடியாது

ராஜபாளையத்து நூற்பாலை, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடம், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வெளியூருக்கு அனுப்பும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை எதுவானாலும் கணக்கு இன்று கணினியில்தான். அதை கிளவுடுக்கு மாற்றியவர்கள் சர்வரைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். கணக்கு குடியிருக்கும் வால்யூமை, அதாவது கிளவுடிலுள்ள டிஸ்க்கை, விசாரிப்பதில்லை. சர்வர் போனால் வேறொன்று எடுக்கலாம், வால்யூம் போனால் போனதுதான். ஆகவே வால்யூமை வெளியூர் ஆளிடம் முழுக்க ஒப்படைக்காமல், கணக்கு பார்ப்பவரே தம் மேசையிலிருந்து கையாளப் பழக வேண்டும் என்பேன். இங்கே வால்யூம் தரும் அமேசானின் ஈபிஎஸ் சேவையையும், கணினியில் நிறுவிக் கட்டளைகளால் இயக்கும் அதன் சிஎல்ஐ கருவியையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் சாவியைக் கருவியில் போடாதீர்கள். வால்யூம், ஸ்னாப்ஷாட் (வால்யூமின் அந்த நேரத்து நகல்) வேலைகளுக்கு மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனரை உண்டாக்கி, ரீஜனை மும்பை என்று அமைத்து, இருக்கும் வால்யூம்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாமே, கட்டளை எதற்கு என்று கேட்கலாம். கட்டளையைக் கோப்பில் சேமித்துத் தினமும் அதே மாதிரி ஓட்டலாம். என்ன செய்தோம் என்பதற்கு அதுவே சான்று. தட்டச்சுப் பிழை நேராதா? நேரும். கட்டளையோடு சேர்க்கும் ‘டிரை-ரன்’ அனுமதி உண்டா என்று மட்டும்தான் சோதிக்கும், தவறான வால்யூமைக் குறிப்பிட்டால் தடுக்காது. அதனால் ஒவ்வொரு வால்யூமுக்கும் பெயர் டேக் கட்டாயம்.

புது வால்யூம் உருவாக்கும்போது மூன்றை அப்போதே சரியாகத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, சோன் (ரீஜனுக்குள் உள்ள பிரிவு): சர்வர் ‘ஏபி-சவுத்-1ஏ’வில் இருந்தால் வால்யூமும் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இணையாது. இரண்டு, என்கிரிப்ஷன்: பிறகு வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து புது வால்யூம் போட்டுச் சுற்றி வர நேரும். மூன்று, அளவு. இதில்தான் பணம் வீணாகிறது. நிரம்பிய இடத்துக்கு அல்ல, ஒதுக்கிய இடத்துக்கே பில் வரும். கூட்டலாம், குறைக்க முடியாது. பெரிதாக எடுத்தால் வேகம் கூடும் என்பது ஜிபி2 (gp2) என்ற வால்யூம் வகையில் உண்மை, அங்கே ஒரு ஜிபி இடத்துக்கு நொடிக்கு மூன்று படிக்கும்-எழுதும் செயல்கள் என்பது கணக்கு. 2020-இல் வந்த ஜிபி3 (gp3) வகையில் எந்த அளவுக்கும் நொடிக்கு 3,000 செயல்களும் 125 எம்பியும் அடிப்படையாகவே கிடைக்கின்றன. ஆகவே 50 ஜிபி போதுமானால் 50-இலேயே தொடங்குங்கள். இணைத்தபின் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘ஆன்லைன்’ ஆக்கி, ஃபார்மட் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த வால்யூமை மட்டும் ஃபார்மட் செய்யவே கூடாது.

இடம் போதாதபோது, ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகே அளவைக் கூட்டுங்கள். கூட்டியும் விண்டோஸ் பழைய 50-ஐயே காட்டும். ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கொடுத்தால்தான் புது இடம் சேரும்.

கணக்கு மென்பொருளை மூடிவிட்டு எடுக்கும் ஸ்னாப்ஷாட்தான் நம்பத்தக்கது. முதல் தடவைக்குப் பின் மாறிய பகுதிகள் மட்டுமே சேர்வதால் தினமும் எடுப்பது பெரிய செலவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனியாகப் பதிந்தவர்கள் மின்னணுக் கணக்கை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று கம்பெனி கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தம் சொல்கிறது. அந்த விதி பொருந்தாத கூட்டு வியாபாரக் கடையும் ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஒரே அறையில் கணினியும் டிஸ்க்கும் இருந்தால் திருட்டோ தீயோ இரண்டையும் கொண்டுபோகும். மாதக் கடைசி ஸ்னாப்ஷாட்டை ஹைதராபாத் ரீஜனுக்கும் நகலெடுங்கள், அதுவும் இந்தியாதான்.

சர்வரை நீக்கும்போது அது இயங்கத் தொடங்கும் ரூட் வால்யூம் இயல்பாகவே கூடப் போய்விடும். பிறகு இணைத்த வால்யூம் ‘அவைலபிள்’ நிலையில் தங்கிப் பில்லை ஏற்றிக்கொண்டிருக்கும். அதை நீக்குமுன் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து வேறொரு வால்யூம் உருவாக்கி இணைத்து, கணக்கைத் திறந்து கடைசிப் பில் வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டெலீட் கட்டளையைக் கொடுங்கள்.