மாணாக்கரைப் பிரசங்கத்திற் பயிற்றுமாறு

பரிசளிப்பு விழாக்களிலே பிரசங்கஞ் செய்யும் மாணாக்கர் சிலர் நடுவிலே ஒரு சொல் மறந்து வாய்மூடி நிற்றலை உபாத்தியாயர்கள் யாவருங் கண்டிருப்பர். குற்றம் அப்பிள்ளைகளதன்று. நாமே முழுவதையும் எழுதிக்கொடுத்து, எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் பண்ணுவித்தலே அதற்குக் காரணமாம். யானும் இப்பிழை செய்தேன். ஒருமுறை என் மாணாக்கனொருவன், பொருளை நன்குணர்ந்தவனாயிருந்தும், மேடையிலே ஒரு சொல்லைத் தேடிக் கண்ணீர் வடித்தான். மறுநாள் வகுப்பிலே அப்பொருளையே வினாவியபோது தன் சொல்லாலே தடையின்றி விடை கூறினான். அன்று யான் மிக வெட்கினேன்.

கோயில்களிலே புராணம் படித்துச் செய்யுள்தோறும் பயன் சொல்லுதல் நம் வழக்கம். அங்கே நூலே ஒழுங்கைத் தருதலாற் சொல்லுவோன் வழி தவறான். பிரசங்கமோ அத்தன்மையதன்று. 31-12-1847 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகநாவலர் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய பொருள்களை எடுத்துப் பேசப் புகுந்தமையால், எது முன், எது பின் என்னும் ஒழுங்கைப் பேசுவோரே வகுத்துக்கொள்ளல் வேண்டியதாயிற்று. நம் மாணாக்கருக்கு யாம் கற்பியாது விடுவது இவ்வொழுங்கையே.

ஆதலால் எழுதத் தொடங்குமுன், "கேட்டோர் வீடு செல்லும்போது எதனை நினைத்துச் செல்லல் வேண்டும்?" என்று மாணாக்கனை வினாவுக. அவன் ஒரே வாக்கியத்தில் விடை கூறுமளவும் எழுதுகோல் தொடற்க. பின்னர் அதனை நிறுவுதற்கு இரண்டு மூன்று நியாயங்களும், ஒவ்வொன்றுக்கும் அவன் தானே கண்டறிந்த ஓர் உதாரணமும் கொள்க. கிணற்றடியிலும் வயலிலுங் கண்டது போதும். முதல் வாக்கியமும் இறுதி வாக்கியமும் மாத்திரம் மனப்பாடமாகுக. இடைப்பட்டனவற்றைத் தலைப்புச் சொற்களாகச் சிறு கடதாசியிற் குறித்து, நாடோறும் வெவ்வேறு சொற்களாற் கூறுவிக்க. ஒரு சொல் மறந்தால் மற்றொரு சொல் வந்துதவும்.

குரலைப் பற்றி அதிகஞ் சொல்ல வேண்டுவதில்லை. மண்டபத்தின் கடைசியிலே ஒரு சிறு பிள்ளையை நிறுத்தி, கேளாதபோது கையுயர்த்தும்படி ஏவுக. அச்சமுற்றோர் விரைந்து பேசுவராதலின், ஒவ்வொரு நியாயத்தின் முடிவிலும் ஒரு மூச்சளவு நிற்கப் பழக்குக. நேரம் மிஞ்சுமாயின் ஒரு நியாயத்தை நீக்குக, வேகத்தைக் கூட்டற்க.

மறந்துழிக் கடதாசியைப் பார்க்கலாமென்று முன்னரே அனுமதி கொடுத்தல் நன்று. முற்கூறிய மாணாக்கன் அடுத்த வருடம் அதனைக் கையிற்கொண்டே மேடையேறினான், விரித்துப் பார்த்திலன்.