லிங்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி அதோட வாலைப் பாருங்க

ஜூலை, ஆகஸ்ட் வந்தாலே எங்க காஞ்சிபுரம் ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷாட் வர ஆரம்பிச்சிடும். "சார், ரீஃபண்ட்னு மெசேஜ் வந்திருக்கு, உண்மையா?" ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டப்போ கார்டு நம்பர் போட்டாச்சு, ஓடிபிதான் பாக்கி. ரிட்டர்ன் ஃபைல் பண்ணிப் பத்து நாள்தான் ஆகியிருந்ததால நம்பிட்டார். உடனே கார்டை பிளாக் பண்ணச் சொன்னேன். பணம் போகலை.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த லிங்க்கில் இன்கம்டாக்ஸ், ஜிஓவி, இன் மூணுமே இருந்தது. உண்மையான முகவரி இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன். அவருக்கு வந்தது இன்கம்டாக்ஸ்-ஜிஓவி.இன். நடுவில் புள்ளிக்குப் பதிலா சின்னக் கோடு. கோடு போட்டா 'இன்கம்டாக்ஸ்-ஜிஓவி' முழுக்க ஒரே பெயர் ஆயிடும். வால் வெறும் டாட் இன் மட்டும்தான்.

அந்த வாலை யார் வாங்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கு. டாட் இன் வாலை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. 2005-லிருந்து யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். டாட் கோ டாட் இன்னும் அப்படித்தான். 1985-ல் வணிக நிறுவனங்களுக்காக வந்த டாட் காம் இன்னைக்கு எல்லாருக்கும் திறந்த வீடு. டாட் ஆர்க் இருந்தா தொண்டு நிறுவனம்னு நம்புறவங்க நிறைய. அதையும் யாரும் சோதிக்கிறதில்லை. ஆனா டாட் ஜிஓவி டாட் இன் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னா, முதல் வகை கடை போர்டு மாதிரி, என்ன வேணா எழுதிக்கலாம். இரண்டாவது சில்க் மார்க் லேபிள் மாதிரி. அங்கீகாரம் வாங்கினவங்கதான் ஒட்டலாம்.

இன்னொரு தந்திரம் இதைவிட மோசம். 'இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன்' என்று சரியாவே ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் இன்னொரு புள்ளி வைத்து வேற ஏதோ பெயர், கடைசியில் டாட் காம். போன் திரையில் முன்பாதி மட்டும்தான் தெரியும்! அதனால முகவரியை இடமிருந்து படிக்காதீங்க. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுடுங்க. அதுக்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்னு, அங்கிருந்து இடப்பக்கமா வாங்க. முதலில் வால் வரும், அதை ஒட்டி உரிமையாளர் பெயர். பூட்டுப் படம் இருக்கே என்பீங்க. வழியில் யாரும் ஒட்டுக் கேட்கலைன்னு மட்டும்தான் அது சொல்லும். எதிரில் இருப்பவர் திருடனா இல்லையானு சொல்லாது.

திருப்பதி தேவஸ்தான தளத்தின் பெயர் சில வருஷத்தில் ரெண்டு தடவை மாறிச்சு. முதலில் டாட் காம். அப்புறம் திருப்பதிபாலாஜி என்ற பெயர். 2024 ஜனவரியில் டிடிதேவஸ்தானம்ஸ். கடைசி ரெண்டுக்கும் வால் ஏபி.ஜிஓவி.இன், அதாவது ஆந்திர அரசு. பெயர் மறந்தாலும் வாலை வைத்தே போலித் தளத்தை ஒதுக்கிடலாம்.

வங்கிகளுக்குத்தான் ரொம்ப நாளா இப்படி ஒரு வால் இல்லாம இருந்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கியும் டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அதைப் பதிவு செய்து கொடுப்பது ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி மட்டும்தான். எஸ்பிஐ.பேங்க்.இன் இப்படி வந்ததுதான். பழைய புக்மார்க் இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.

ரீஃபண்ட் விஷயத்துக்கு வருவோம். வருமான வரி தளத்தில் நீங்க முன்கூட்டியே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும். அதுக்குக் கார்டு நம்பர், ஓடிபி எதுவும் தேவையில்லை. 15,490 ரூபாய் ரீஃபண்ட்னு 2023-ல் சுத்தின மெசேஜ் போலின்னு மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக்கே சொல்லியிருக்கு.

ஏற்கெனவே ஓடிபி கொடுத்துப் பணம் போயிட்டவங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. முதல்ல 1930-க்கு போன் பண்ணுங்க, அப்புறம் சைபர்க்ரைம்.ஜிஓவி.இன்-ல் புகார் பதியுங்க.